வலி நின்ற பல்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மெயின் ரோட்டு மருந்துக்கடையிலும், பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழும்: "அண்ணே, பல்லு வலிக்கு ஒரு செட் குடுண்ணே." கடைக்காரர் வேறு கேள்வி கேட்பதில்லை. அட்டையிலிருந்து கத்தரியால் நறுக்கிய வலி மாத்திரை ஒன்று, அமாக்சிசிலின் ஒன்று, சில கடைகளில் மெட்ரோனிடசோல் ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. "சீக்கிரம் கேக்கணும்" என்று சொன்னால் கூடவே குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் விழும். நறுக்கிய துண்டில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி முழுதாகவே போயிருக்கும். இப்படி மூன்று வேளைக்கு, காகித உறையில் போட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். இதில் பாதி மருந்துகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதவை.

படித்தவர்கள் இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவருக்கும், துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசல் வரிசையில் கண்டெய்னர் லாரியோடு நிற்கிற டிரைவருக்கும், மணலியில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவருக்கும் ஒரு நாள் போனால் ஒரு நாள் காசு போச்சு. செட் மாத்திரையின் விலை அதில் சின்னப் பங்கு. இன்றிரவு தூங்க முடியும், நாளை ஷிப்டுக்குப் போக முடியும். இந்தக் கணக்கில் ஒரே ஓர் எண்தான் தப்பு: வலி நின்றால் நோய் நின்றது என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்தத் தப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு, மீதிக் கணக்கை, அதாவது கூலியையும் வரிசையையும் நேரத்தையும், அப்படியே விட்டுவிட்டால் மருந்துக்கடையில் ஓர் ஆள்கூடக் குறையமாட்டார்.

முதலில் அந்தத் தப்பான எண். பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் கலந்த மெல்லிய கூழ் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கெட்டியான சுவர். சொத்தை அந்தக் கூழை எட்டும்போது, உடம்பில் வேறெங்கும் நடப்பதுபோல அங்கேயும் வீங்கப் பார்க்கும். கையில் அடிபட்டால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறது. விண் விண்ணென்று தெறிக்கும் வலி அதுதான். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் ராத்திரியில் இன்னும் உயிர் போகும். இப்படி இரண்டு மூன்று நாளோ சில வாரங்களோ போனபின், அதே அழுத்தத்தால் உள்ளே ரத்த ஓட்டம் அடைபட்டுக் கூழ் செத்துவிடுகிறது. நரம்பும் சேர்ந்து சாகிறது. வலி நிற்கிறது. செட் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் நாள் இது. உண்மையில் பலருக்கு மாத்திரை போடாவிட்டாலும் அந்த வாரத்தில் வலி நின்றுதான் இருக்கும். செத்த கூழில் கிருமிகள் குடியேறி, வேரின் நுனித் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிகின்றன. அங்கே சீழ் சேர்ந்து, எலும்பை அரித்து, ஈறில் ஒரு கொப்புளமாக வெளியே வர ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். அந்தக் கொப்புளம் உடைந்து உப்புக் கரிக்கும் நீர் வாயில் இறங்கினால், "கெட்டது வெளியே போயிடுச்சு" என்று அதையும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

"ஆன்டிபயாடிக் போட்டா கன்ன வீக்கம் வடிஞ்சுதே, கண்ணால பார்த்தோமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீக்கம் வடிவது உண்மை. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. ரத்தம் ஓடுகிற கன்னத்துச் சதைக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பரவிய கிருமியைக் கொல்கிறது. ஆனால் கிருமியின் மூலவீடு செத்த பல்லின் வேர்க்கால்வாய். அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. சாலை துண்டிக்கப்பட்ட கிடங்குக்கு எத்தனை லாரி அனுப்பினாலும் சரக்கு போய்ச் சேராது. அதனால்தான் அதே பல் மூன்று மாதம் கழித்து மறுபடி வீங்குகிறது, மறுபடி செட், மறுபடி வீக்கம். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே பேசியது: எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு, பல்லுக்கே உடனடியாகச் சிகிச்சை செய்ய வாய்ப்பிருக்கும்போது, பல்வலிக்கும் வேர்நுனிச் சீழுக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை, காய்ச்சல், உடல் தளர்ச்சி என்று கிருமி உடம்பில் பரவும் அடையாளம் தெரிந்தால்தான் தேவை. செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று: சீழை வெளியேற்றுவது, வேர்க்கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது (ரூட் கெனால்), அல்லது பல்லைப் பிடுங்குவது. நாலாவது வழி இல்லை.

வலிக்கு மருந்தே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பல்வலிக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகவே கேட்கும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விஷயம். பிரச்சினை, யாருக்கு எது என்று பார்க்காமல் கொடுப்பதில் இருக்கிறது. வெயிலில் பகல் முழுக்க வியர்த்து, போதுமான தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர் டைக்லோஃபெனாக் வகை மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. அல்சர் இருந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். அந்தக் குட்டி ஸ்டீராய்டு இன்னும் மோசம்: வீக்கத்தை மட்டும் அமுக்கிவிட்டுக் கிருமியோடு போராடும் உடம்பின் சக்தியையும் சேர்த்து அமுக்குகிறது, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரையில் சீழ் வேகமாகப் பரவும். தனக்குச் சர்க்கரை இருப்பதே பல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் தெரியவந்தது என்பவர்கள் நம் ஊரில் குறைவில்லை. கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவே. பஞ்சை முக்கி மணிக்கணக்கில் வைத்தால் ஈறு வெந்துபோகும்.

சும்மா விட்ட பல் எங்கே போய் நிற்கும் என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். 1836-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் வர்ணித்த நோய் இன்றும் அவர் பெயரோடுதான் வழங்குகிறது. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பற்களிலிருந்து கிருமி நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் இறங்குகிறது. தாடையின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் பலகைபோல் இறுகும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழியும், பேச்சு குழறும், மூச்சுக் குழாய் அடைபடும். ஒரு நாள், சிலசமயம் சில மணி நேரம், இவ்வளவுதான் அவகாசம். வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம், கழுத்தில் வீக்கம், கண் மூடும்படி கன்ன வீக்கம், வீக்கத்தோடு குளிர் காய்ச்சல்: இவற்றில் எது இருந்தாலும் மருந்துக்கடையும் வேண்டாம், தெருமுனைப் பல் கிளினிக்கும் வேண்டாம், ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும். ஏழை நாட்டுக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்குப் பரவி இறந்தான். பல்லைப் பிடுங்க 80 டாலர் போதுமானதாக இருந்திருக்கும். கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது.

பிடுங்கலாம் என்று மனசு வந்தவரையும் வீட்டில் இரண்டு பேச்சுகள் தடுக்கும். ஒன்று, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு போய்விடும் என்பது. பார்வைக்கான நரம்பு வேறு, மேல்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாகப் புறப்படுபவை. நிலவரம் தலைகீழ்: மேல்தாடையில் சீழ் பிடித்த பல்லை விட்டுவைத்தால்தான் கிருமி கண்குழி வரை ஏறக்கூடும். இரண்டாவது பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. "வீக்கத்தோட புடுங்கக் கூடாது, டாக்டரே மாத்திரை குடுத்து அஞ்சு நாள் கழிச்சு வரச் சொன்னார்." மரத்துப்போகப் போடுவது லிக்னோகெய்ன் ஊசி. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை அடைவதால் அந்த மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக நுழையாது. ஊசி போட்டும் வலி தெரியும். பாதி மரத்த பல்லில் இடுக்கி வைத்தால் நோயாளி துடிப்பார், கிளினிக் பெயரும் கெடும். ஆனால் வீங்கிய இடத்தை விட்டுத் தள்ளி, தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்திலேயே ஊசி போடும் முறை இருக்கிறது. வாய் திறக்கிற நிலையில் உள்ள நோயாளிக்கு வீக்கத்தோடேயே பல்லை எடுப்பதும் சீழை வடிப்பதும் பெரும்பாலும் நடக்கக்கூடியதுதான். எடுத்தபின்தான் வீக்கம் வேகமாக வடியும். ஐந்து நாள் கழித்து வரச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் நாள் வலி நின்றுவிடும். ஐந்தாம் நாள் யார் வருவார்கள்?

வாய் திறக்காமல் போவதற்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு, மாவா. சீவல், புகையிலை, சுண்ணாம்பு தேய்த்த இந்தக் கலவையையும் ஹான்ஸ் புகையிலையையும் ராத்திரி லாரி ஓட்டத் தூக்கம் விரட்டவும், சொத்தைப் பல் பக்கத்தில் அடக்கி வைத்து வலியை மரக்கச் செய்யவும் போடுகிறார்கள். 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது; பொட்டலமும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பாக்கு வருஷக்கணக்கில் கன்னத்தின் உள்தோலை நாராக்கி இறுக்கும். காரம் பட்டால் எரியும், பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். அந்த வாய்க்குள் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு இடுக்கி போவது பெரும்பாடு. அதைவிட முக்கியம்: மாவா போடுகிறவருக்குக் காரணமில்லாமல் ஆடுகிற பல்லும், பிடுங்கி மூன்று வாரமாகியும் ஆறாத பள்ளமும் வெறும் பல் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. புற்றுநோய்க்கும் அதே முகம்தான். அங்கேயிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி மீதிக் கணக்கு. அரசு ஏற்பாடே இல்லாத பகுதி அல்ல இது. 1938 முதல் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் ஸ்டான்லியில் பல் பிரிவு உண்டு. 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாநிலத்தின் பழைய பல் ஆஸ்பத்திரி வடசென்னைக்காரரின் வாசலில் இருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். எண்ணூரிலிருந்து கிளம்பி, சீட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, நாற்காலிக்குக் காத்திருந்தால் முதல் ஷிப்ட் போய்விடும். பல் எடுத்த பிறகு அரைமணிக்கு மேல் பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், அன்றைக்குப் பாரம் தூக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. பள்ளத்தில் உறைந்த ரத்தக் கட்டி பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் எலும்பு வலி காது வரை இழுக்கும். ஆக, இலவசச் சிகிச்சைக்குக் குறைந்தது ஒரு நாள் கூலி விலை.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்று தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து பதில் வரும். ஒப்பந்தத் தொழிலாளியில் எத்தனை பேருக்கு அட்டை ஒழுங்காக ஓடுகிறது என்ற கேள்வியை இப்போதைக்கு விடுவோம். அட்டை உள்ளவரையே எடுத்துக்கொள்வோம். நோய்க்கால விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம் தரும் ஏற்பாடு இது. ஆனால் 1948-ல் வந்த சட்டத்தின் 49ஆம் பிரிவு, நோயின் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது என்று வகுத்தது. ஏற்கெனவே ஒரு முறை பணம் பெற்று 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. பொய் விடுப்பைத் தடுக்க வைத்த விதி என்பது புரிகிறது. ஆனால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஒன்றிரண்டு நாளில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு அந்த விதியில் ஒரு காசு இல்லை. பல்லை முற்றவிட்டுக் கழுத்து வீங்கிப் பத்து நாள் படுத்தவருக்கு எட்டு நாள் பணம் உண்டு. சட்டம் எழுதியவர்கள் பல்லை நினைத்து எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நேரமில்லை என்றால் வீட்டுப் பக்கத்தில் மாலையில் திறக்கும் கிளினிக்குக்குப் போகலாமே என்பது அடுத்த யோசனை. பெரும்பாலும் அது சரியான யோசனைதான். அதற்கும் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமி நோய் வந்து 8 பேர் இறந்தார்கள். ஆராய்ந்த மருத்துவக் குழு கண்டது, திறந்துவைத்த சலைன் பாட்டில். ஒரு பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே பலருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்காருமுன் கருவிகள் மூடிய உறையிலிருந்து நம் கண்முன் வெளியே வருகின்றனவா, ஊசி புதிதா, வாய் கழுவும் சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா என்று பார்ப்பதும் கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். டிகிரி இல்லாமல் பல் கட்டிக்கொண்டும் பிடுங்கிக்கொண்டும் இருப்பவர்களிடம் கேட்பதற்கே ஒன்றும் இல்லை, திரும்பிவிட வேண்டியதுதான்.

பிடுங்குவதைச் சுலபமாக்கினால் ஊரே பொக்கை வாயாகிவிடும் என்று பல் மருத்துவர்களே மறுப்பது உண்டு. அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 1968-ல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. சுலபமான வழியாகப் பிடுங்கிப் பிடுங்கியே வந்த விளைவு அது. கடைவாய்ப்பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் சாய்கிறது, எதிர்ப்பல் இறங்குகிறது, மெல்லுவது ஒரு பக்கத்துக்கே மாறுகிறது. காப்பாற்ற முடிகிற பல்லுக்கு ரூட் கெனால்தான் முறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைத் தடுப்பது எது? தனியாரில் பணம், அரசில் நேரம். ரூட் கெனாலுக்குச் சிலசமயம் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும், பிறகு கேப் போட மறுபடியும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி என்றால் கூலிக்காரர் பிடுங்கச் சொல்வதில் வியப்பில்லை. பிடுங்குவதும் ஒரு நாள் என்றால் செட் வாங்குவதிலும் வியப்பில்லை. பல்லைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் முதலில் நேரத்தைத்தான் காப்பாற்றித் தர வேண்டும்.

சென்னையின் சில நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிழமைக்கு ஒரு துறை என்று நடக்கும் மாலை நேர பாலிகிளினிக் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. பல்வலி கிழமை பார்த்து வருவதில்லை என்பதால், திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் எல்லா மாலையும் பல் நாற்காலி ஒன்று ஓட வேண்டும். அன்றே சீழ் வடிக்க, அன்றே பல் எடுக்க. புதுக் கட்டடம் தேவையில்லை. ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியே வரும் பல் மருத்துவர்களில் பலர் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கிற மாநிலத்தில் ஆளுக்கும் பஞ்சமில்லை. செலவாகும் என்பார்கள்; கழுத்து வீங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் படுக்கும் ஒரு வாரச் செலவையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மட்டும் இந்த மாலை ஏற்பாடும் உதவாது. விசைப்படகில் நாள்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிறவருக்கு மாலை எது, காலை எது. அங்கே மாத்திரைப் பெட்டிதான் துணை, கரை சேரும்வரை அது சரிதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் படகுகளெல்லாம் கரையில்தான் நிற்கின்றன, ஆட்களும் வலை பின்னிக்கொண்டும் இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டும் துறைமுகத்திலேயே இருக்கிறார்கள். முதல் வாரத்தில் எல்லோருக்கும் வாயைப் பார்த்து எக்ஸ்ரே எடுத்துவிட்டால், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவைக்கவும், ரூட் கெனாலுக்குப் போக வேண்டிய தவணைகளையெல்லாம் போய்க் கேப்பும் போட்டு முடிக்கவும் அந்த 61 நாளே போதும்.